அடிக்குப் பெயர் வைப்பவர்

ஒரு மர ஸ்கேல். பத்து வயதுப் பையன் ஒருவனின் உள்ளங்கை. ஓங்கி நாலு அடி. கை வீங்கிப்போய் இரண்டு நாளைக்குப் பென்சில் பிடிக்க முடியாது. இந்த நாலு அடிக்கு இந்தியச் சட்டத்தில் என்ன தண்டனை? விவரம் தெரிந்த வக்கீல் இதற்கு உடனே பதில் சொல்ல மாட்டார். ஸ்கேல் யார் கையில் இருந்தது என்று முதலில் கேட்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் கையில் என்றால் சிக்கலே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2)-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முன்னால் வந்து நிற்கும். அதன் 17-வது பிரிவு அடிக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறது; மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஓய்ந்துவிடுகிறது. நம் ஊர் வழக்கில் அதற்கு 17(பி) மெமோ என்று பெயர். குழந்தைகள் இல்லத்து வார்டன் என்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஒழுங்குபடுத்துவதற்காக அடித்தார் என்றால் 82-வது பிரிவு: முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், சிறை கிடையாது, வேலை போகும். கொடுமைப்படுத்தினார் என்றால் அதே சட்டத்தின் 75-வது பிரிவு: 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஸ்கேலைப் பிடித்தது அப்பா என்றாலும் அதே 75-வது பிரிவுதான், 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம். எழுத்தில் அப்படி. நாலு ஸ்கேல் அடிக்காக ஓர் அப்பா மீது அந்தப் பிரிவில் வழக்குப் பதியச் சொல்லி நீங்கள் எந்தக் காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்க்கலாம். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

ஆள் மாறினால் தண்டனை மாறுவதில் தவறில்லை. பொறுப்பில் இருப்பவர் தவறு செய்தால் கூடுதலாகத் தண்டிப்பது சட்டத்தின் பழைய அறம். இங்கே உறுத்துவது வேறொன்று. ஒரே வார்டன், ஒரே ஸ்கேல், ஒரே வீக்கம். 10,000 ரூபாய்க்கும் 5 ஆண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கேள்வி: எதற்காக அடித்தாய்? அதற்குப் பதில் சொல்லும் முதல் உரிமையும் அடித்தவருக்கே இருக்கிறது. அடித்தவரே அந்த அடிக்குப் பெயர் வைக்கிறார். அந்தப் பெயருக்கு ஏற்றபடி தண்டனைக்கு விலை போடப்படுகிறது.

பெயர் வைப்பதில் தமிழ் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டு, கிள்ளு, அறை, சாத்து, மொத்து, விளாசு என்று கைக்கு ஒரு சொல், கோலுக்கு ஒரு சொல் என வைத்திருக்கிறோம். ‘ரெண்டு போட்டேன்’ என்று சொல்கிற அம்மா தன் செயலை அடி என்றுகூட அழைப்பதில்லை. ‘கொடுமை’ என்பது எப்போதும் அடுத்த தெருவில், சித்தி வீட்டில், செய்தித்தாளில் நடப்பது. ‘குழந்தை வன்கொடுமை’ என்ற சொல்லைக் கேட்டால் இன்று பெரும்பாலோர் பாலியல் குற்றத்தை மட்டுமே நினைக்கிறார்கள். உடம்பில் விழும் அடிக்குப் பொதுமொழியில் குற்றப் பெயரே இல்லை.

சட்டம் இந்தப் பழக்கத்தை நம்மிடமிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 1860 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் தாமஸ் ஹாப்லி என்ற பள்ளி ஆசிரியர், ரெஜினால்ட் கான்செலர் என்ற 15 வயது மாணவனின் பிடிவாதத்தை ஒடுக்கப்போவதாகச் சொல்லி இரவு நேரத்தில் இரண்டு மணி நேரம் போல அடித்தார். அடிப்பதற்கு முன் பையனின் தந்தைக்குக் கடிதம் எழுதி அனுமதியும் வாங்கியிருந்தார். காலையில் பையன் உயிரோடு இல்லை. ஹாப்லிக்கு 4 ஆண்டு கடுந்தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வழக்கு சட்ட நூல்களில் நிலைத்தது அந்தத் தண்டனைக்காக அல்ல. பெற்றோரோ, அவர்களிடமிருந்து அதிகாரம் பெற்ற ஆசிரியரோ, பிள்ளையை அளவாகவும் நியாயமாகவும் அடித்துத் திருத்தலாம்; கோபத்துக்கோ வெறிக்கோ அடித்தாலும், அளவு மீறினாலும்தான் குற்றம் என்று தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த விதிக்காக. கொன்றவனைத் தண்டித்த தீர்ப்பே மற்ற எல்லாருக்கும் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது.

அதே 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதில் 88, 89 என்று இரண்டு பிரிவுகள். ஒருவருடைய நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அவர் சம்மதத்தோடு செய்த செயலால் தீங்கு நேர்ந்தாலும் குற்றமில்லை என்பது 88. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் காப்பாளரின் சம்மதம் போதும் என்பது 89; அந்தச் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டிலும் பிரம்பு என்ற சொல் கிடையாது. ஆனால் ஆசிரியர்கள் மீது வழக்கு வந்தபோதெல்லாம் இவையே குடையாக விரிந்தன. 1940-களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றம், பிரம்பால் அடித்த ஒரு தலைமையாசிரியர் வழக்கில், ஒழுக்கத்துக்காக நல்லெண்ணத்தோடு கொடுக்கும் மிதமான அடிக்கு 88-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு என்றது.

இங்கிலாந்தில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கத் தனிச் சட்டம் வந்தது 1889-இல். கால்நடைகளைக் காக்கும் சட்டம் 1822-லேயே வந்துவிட்டது. அடியாத மாடு படியாது என்று பழமொழி வைத்திருக்கும் நாம் இதைக் கவனிக்கலாம்: மாட்டுக்குப் பிறகு 67 ஆண்டு காத்திருந்துதான் குழந்தையின் முறை வந்திருக்கிறது. அந்த 1889 சட்டம் இரண்டு காரியங்கள் செய்தது. குழந்தைக்குத் ‘தேவையற்ற துன்பம்’ தருவதைக் குற்றமாக்கியது. பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை இந்தச் சட்டம் பறிக்காது என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டது.

‘தேவையற்ற’ என்ற அந்தச் சொல் கடல் தாண்டி, நூற்றாண்டு தாண்டி, 2015-ஆம் ஆண்டின் நம் 75-வது பிரிவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தேவையற்ற துன்பம் என்று ஒன்று இருந்தால் தேவையான துன்பம் என்றும் ஒன்று இருந்தாக வேண்டுமே? அது எது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லும் வேலை மறுபடி அடித்தவருக்கும், அவரை நம்பவோ நம்பாமலிருக்கவோ வேண்டிய நீதித்துறை நடுவருக்கும் போகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு 75-வது பிரிவைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டால் அது நியாயமாகாது. நம் சட்டப் புத்தகத்தில் குழந்தையின் உடம்புக்காக எழுதப்பட்டவற்றில் இதுவே அதிகம் யோசித்து எழுதப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இதே குற்றத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம். அதை மூன்று ஆண்டாக்கினார்கள். நிறுவனத்தில் இருப்பவருக்குத் தண்டனையை ஏற்றினார்கள். கொடுமையால் குழந்தை உடல் முடங்கினாலோ, மனநோய்க்கு ஆளானாலோ, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து வந்தாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு என்று படி வைத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் முதல் விதிவிலக்கு. கட்டுமீறிய சூழ்நிலையால் பெற்றவர்கள் குழந்தையைக் கைவிட்டிருந்தால் அது வேண்டுமென்றே செய்ததல்ல என்று சட்டம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக வந்தது என்று அறிந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வரியின் ஈரம் புரியும். வறுமையைத் தண்டிக்கக் கூடாது என்று தெரிந்த ஒரு கை அந்த வரியை எழுதியிருக்கிறது.

பள்ளிகளைப் பொறுத்தவரை தடையால் பலனில்லை என்று சொன்னால் என் தலைமுறையினர் யாரும் ஒப்பமாட்டார்கள். நான் படித்த பள்ளியில் வாத்தியாரின் பிரம்புக்கு எண்ணெய் தடவுவதற்கென்றே ஒரு பையன் இருந்தான். பிரம்பு ஒடிந்தால் அன்று அடிவாங்க வேண்டியவனே மரமேறிப் பச்சைப் புளிய மிளாறு ஒடித்துக்கொண்டு வரவேண்டும். எங்களுக்கு முந்தைய திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் என்று பையன்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்க வரும் தகப்பன் ‘கண்ணை மட்டும் விட்டுடுங்க வாத்தியாரே’ என்று சொல்லிவிட்டுப் போவார்; 89-வது பிரிவு கேட்கும் காப்பாளர் சம்மதத்தை இதைவிடத் தெளிவாக யாரும் தந்திருக்க முடியாது. 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பள்ளி விதிகளிலிருந்து பிரம்படியை நீக்கியது. 2003-இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளின் 51-வது விதியைத் திருத்தி அடியைத் தடை செய்தது. இன்று நம் வகுப்பறைகளில் அடி ஒழிந்துவிடவில்லை. ஆனால் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. மேசை மேல் கிடந்த பிரம்பு அலமாரிக்குள் போய்விட்டது. இந்த வெட்கம் சின்ன விஷயமல்ல.

ஆசிரியர்களின் குறையையும் கேட்டாக வேண்டும். கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டையும் தேர்ச்சி விழுக்காட்டையும் எங்களிடமே கேட்கிறார்கள் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பிரம்பைப் பிடுங்கிய அரசு அதற்குப் பதிலாகப் பெரிதாக எதையும் கையில் கொடுக்கவில்லை. ஐம்பது பேர் வகுப்பில் முரண்டு பிடிக்கும் ஒருவனை என்ன செய்வது என்று கற்றுத்தரவில்லை. 2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், ஆசிரியர் கையில் ஒரு பிரம்பு இருக்கட்டும், அதை எப்போதும் பயன்படுத்த வேண்டியதில்லை என்ற பொருளில் சொன்னதும், புகார் வந்த உடனே வழக்குப் பதியாமல் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை நடக்கட்டும் என்றதும் இந்தக் குறைக்குக் கிடைத்த ஆறுதல்கள். இரண்டாவது யோசனையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முதலாவதை முடியவில்லை. பயன்படுத்தப் போவதில்லை என்றால் பிரம்பு எதற்கு? பயன்படுத்துவேன் என்று பையன் நம்ப வேண்டும் என்பதற்குத்தானே?

இனி 82-வது பிரிவுக்கு வருவோம். சட்டம் தன் சொந்தக் காலிலேயே தடுக்கி விழும் இடம் அது. இளைஞர் நீதிச் சட்டம் தன் சொற்பொருள் பகுதியில் உடல்ரீதியான தண்டனை என்றால் என்ன என்று மிகச் சரியாகச் சொல்கிறது: குற்றத்துக்குப் பதிலடியாகவோ, ஒழுங்குபடுத்தவோ, திருத்தவோ, எவர் ஒருவரும் குழந்தைக்கு வேண்டுமென்றே வலி தருவது. எவர் ஒருவரும் என்றால் அம்மா, அப்பா, தாத்தா, டியூஷன் அக்கா எல்லாரும் அடக்கம். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அடி அடியே என்று தெளிவாக ஒப்புக்கொண்ட வரையறை. ஆனால் இந்தச் சொல்லைப் பயன்படுத்தித் தண்டனை சொல்லும் 82-வது பிரிவு குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. பள்ளி அதற்குள் வராது, வீடு வராது. ஊருக்கெல்லாம் பந்தி விரித்துவிட்டு ஒரே ஓர் இலையில் மட்டும் பரிமாறிய கதை.

அந்த ஓர் இலையிலும் பரிமாறியது கொஞ்சமே. முதல் முறை அடித்தவருக்கு 10,000 ரூபாய் அபராதம். அடுத்த முறை 3 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த அடி பற்றிய விசாரணைக்கு ஒத்துழைக்காத நிர்வாகிக்கு என்ன? குறைந்தபட்சம் 3 ஆண்டு சிறை, அதோடு ஒரு லட்சம் வரை அபராதம். அதாவது, குழந்தையை அடித்தால் பணத்தோடு போகும், அதிகாரியின் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் மூன்று வருடம் உள்ளே. இதை எழுதியவர்கள் குழந்தையின் வலியை நினைத்தார்களா, கோப்பின் மானத்தை நினைத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு மேல் 2021-இல் ஒரு திருத்தம் வந்து, 2022 செப்டம்பரில் நடைமுறையானது. இந்தச் சட்டத்தின் கீழ் 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை இனித் தானாக நடவடிக்கை எடுக்க முடியாது. இல்லத்து ஊழியர் செய்யும் கொடுமைக்கு 5 ஆண்டு வரை என்பதால் அதுவும் இந்தக் கட்டத்துக்குள் வந்து விழுகிறது. 75-வது பிரிவின் கீழ் காவல்துறை தானே வழக்குப் பதிய வேண்டுமானால், குழந்தை முடங்கிப்போய் 10 ஆண்டுத் தண்டனைக்குரிய கட்டத்தை எட்டியிருக்க வேண்டும். டெல்லியின் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாரதிய நியாய சன்ஹிதாவில் வேறு வழிகள் உண்டு என்று வாதிடலாம். உண்டுதான். கரண்டியைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு வைத்தால், காய்ச்சிய பொருளால் காயப்படுத்துதல் என்ற 118(1)-இல் 3 ஆண்டு வரை தண்டனை. அதற்கு யார் உத்தரவும் வேண்டாம், போலீஸ் நேரே கைது செய்யலாம். ஆனால் அந்தப் பிரிவுக்குச் சூடு வாங்கியது ஆறு வயதுக் குழந்தையா, கடன் தராத பங்காளியா என்ற வேறுபாடு தெரியாது. குழந்தைக்கென்று தனிச்சட்டம் எழுதியதே அந்த வேறுபாட்டுக்காக அல்லவா?

சரி, புகார் கொடுப்பது யார்? தண்டனைச் சட்டம் எதுவும் புகாரிலிருந்தே புறப்படுகிறது. குழந்தையிடம் புகாரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பக்கத்து வீட்டார் அழைக்கலாம். பெரும்பாலும் அழைப்பதில்லை. ‘அவங்க புள்ளை, அவங்க அடிக்கிறாங்க’ என்பதே அடுக்குமாடி முதல் குடிசை வரை செல்லுபடியாகும் ஒரே சட்டம். பேச முடியாத வயது என்றால் உடம்பே பேச வேண்டும். 1946-இல் நியூயார்க்கின் எக்ஸ்ரே மருத்துவர் ஜான் கேஃபி, மூளையுறையில் ரத்தம் கட்டியிருந்த ஆறு கைக்குழந்தைகளின் கை, கால் எலும்புகளில் விளக்க முடியாத முறிவுகள் இருப்பதைக் கண்டு எழுதினார். அது என்ன நோய் என்று மருத்துவ உலகம் பதினாறு ஆண்டு யோசித்தது. டென்வரின் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் 1962-இல் அது நோயல்ல, அடி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இப்படிப்பட்ட காயங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றிவிட்டன. அடித்தவர் அல்லாத ஒருவர் அடிக்குப் பெயர் வைத்தார். மற்றதெல்லாம் அதிலிருந்து நடந்தது.

நம் அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர், கை முறிந்த நான்கு வயதுக் குழந்தையைப் பார்க்கிறார். ‘கட்டில்லேர்ந்து விழுந்துட்டான்’ என்கிறார் அம்மா. அப்பா வெளியில் பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதுவது? அந்தக் காயம் பாலியல் குற்றத்தால் என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு அவரைக் கட்டாயப்படுத்துகிறது; தெரிவிக்காவிட்டால் அவருக்கே 6 மாதம் வரை சிறை. அடியால் என்று சந்தேகம் வந்தால் அதற்கு நிகரான கட்டாயம் இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லை. அவர் ‘விழுந்ததாகச் சொல்கிறார்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கலாம். எழுதுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் 1,62,449. அதில் கடத்தல் 45.7 விழுக்காடு, போக்சோ 39.7 விழுக்காடு. மீதி 15 விழுக்காட்டுக்கும் குறைவு. எண்ணிக்கையில் 24 ஆயிரத்தைத் தொடாது. கொலை, கைவிடுதல், குழந்தை உழைப்பு எல்லாம் போக அடிக்கு அதில் எவ்வளவு இடம் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். இதன் பக்கத்தில் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வை வையுங்கள். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். தமிழ்நாடு அதில் இல்லை, கேரளமும் ஆந்திரமும் இருந்தன. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி வாங்கியிருந்தார்கள். குடும்பச் சூழலில் அடி வாங்கியவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது பெற்றோர்.

தண்டனைச் சட்டம் தன் கனத்தையெல்லாம் வார்டன் மேலும் ஊழியர் மேலும் வைத்திருக்கிறது. அடி விழுவதோ வீட்டுக்குள். சட்டம் வீட்டுக்குள் போகாததற்குக் கோழைத்தனம் மட்டும் காரணமல்ல. போனால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து பிள்ளையின் மண்டையை உடைத்த தகப்பனை உள்ளே வைத்தால் அந்த வீட்டின் கூலி நிற்கும். ஒரு வாரத்தில், புகார் கொடுத்த அதே அம்மா ‘கோபத்துல சொல்லிட்டேன் சார், வாபஸ் வாங்கிக்கிறேன்’ என்று ஸ்டேஷன் வாசலில் நிற்பாள். வழக்கு நடந்தாலும் சாட்சி பிறழும். மூன்று ஆண்டு என்ற எண் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு தயக்கத்தோடு அதைத் தொடுகிறார்கள் போலீஸாரும், உறவினரும், குழந்தையும். பெரிய தண்டனை ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால், சின்ன அடிக்கு அதைப் பயன்படுத்த முடியாது. சின்ன அடி பெரிய அடியாகும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியே வழக்கு உறுதியாக நடந்து, வீட்டில் பாதுகாப்பில்லை என்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்தால் குழந்தை எங்கே போகும்? பெரும்பாலும் ஓர் இல்லத்துக்கு. அங்கே ஒழுங்குபடுத்துவதற்காக முதல் முறை அடித்தால் 10,000 ரூபாய்.

வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள்? 1979-இல் பிள்ளைகளை அடிப்பதை முழுமையாகத் தடை செய்த முதல் நாடு சுவீடன் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தடையில் தண்டனையே எழுதப்படவில்லை என்பதைக் குறைவாகவே சொல்கிறார்கள். அது குற்றவியல் சட்டத்தில் இல்லை. பெற்றோர், பிள்ளைகள் உறவைப் பேசும் குடிமைச் சட்டத்தில் இருக்கிறது. தடை வந்ததும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் விளக்கச் சிற்றேடு போனது. பால் அட்டைப்பெட்டிகளில் செய்தியை அச்சடித்தார்கள். காலையில் காபிக்குப் பால் ஊற்றும்போது படித்தாக வேண்டும். ஆவின் பாக்கெட்டில் அப்படி ஒரு வரி வந்தால் நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சுவீடனின் உண்மையான வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1957-இல், பிள்ளையை அடித்துச் சிறு காயம் ஏற்படுத்தும் பெற்றோருக்குக் குற்றவியல் சட்டம் தந்திருந்த விலக்கை எடுத்தார்கள். 1966-இல் குடிமைச் சட்டத்தில் அடிப்பதற்கு இருந்த இடத்தையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து பிள்ளையை அடித்தது எல்லாரையும் அடித்ததைப் போன்ற ஒரு தாக்குதல். பெயர் வைக்கும் உரிமையை முதலில் வாங்கிக்கொண்டு, 22 ஆண்டு கழித்து, அடிக்காதே என்று சொன்னார்கள். நார்வே 1987-இல் தடை செய்தது. 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், லேசான தட்டலுக்கு இடமுண்டு என்ற பொருளில் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட, லேசான என்ற அந்த ஓட்டையை அடைக்க 2010-இல் மறுபடி சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஹாப்லியின் ‘அளவான அடி’ நூற்றைம்பது ஆண்டு கழித்து ஆஸ்லோவில் தலைகாட்டியிருக்கிறது.

வடக்கு ஐரோப்பாவைக் கோயில் கட்டிக் கும்பிடும் எண்ணம் எனக்கில்லை. நார்வேயில் வாழும் ஈழத்தமிழரிடம் ‘பார்னவார்ன்’ என்ற குழந்தைகள் நலத்துறையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பேச்சில் மரியாதையைவிடப் பயமே கூடுதலாக இருக்கும். 2012-இல் இந்தியாவிலிருந்து போன ஒரு தம்பதி மகனைக் கொடுமைப்படுத்தியதாக ஆஸ்லோவில் சிறை சென்றபோது இங்கே நாளிதழ்கள் பண்பாட்டு மோதல் என்று எழுதின. குழந்தையைப் பிரித்தெடுப்பதில் நார்வே காட்டும் வேகத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. 2019-இல் ஸ்ட்ரான் லொப்பென் வழக்கில் அதன் பெரும் அமர்வு நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது அடி பற்றிய வழக்கல்ல, ஆனால் அரசின் கை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி ஒன்றுதான். அடிக்கும் கையைத் தடுக்கப் போன அரசு, தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பறிக்கவும் பழகிவிடுகிறது. நம் காவல் நிலையங்களின் இயல்பு தெரிந்த எவரும் இந்த அபாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

இலங்கை எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 1995-இல் தன் தண்டனைச் சட்டக்கோவையில் 308ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு என்று கடுமை காட்டியது. ஆசிரியர் அடிப்பதைக் குற்றமாகப் பார்க்காத காலனிக்கால வரிகள் பக்கத்திலேயே கிடந்தன. ஆசிரியரின் அறையால் காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனுக்கு 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது அடிப்படை உரிமை மீறல் வழக்கில்: ஆசிரியர் ஒன்றரை லட்சம், அரசு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று. அந்த வழியில் அடித்தவரின் நல்லெண்ணத்தைவிடப் பிள்ளைக்கு நேர்ந்ததே பெரிதாக நிற்கிறது.

தெற்காசியாவில் எல்லா இடத்திலும் அடியைத் தடை செய்த முதல் நாடு நேபாளம், 2018-இல். அங்கும் அதற்கு முன்பே, 2005-இல், பெற்றோரும் ஆசிரியரும் லேசாக அடிக்கலாம் என்றிருந்த விலக்கை உச்ச நீதிமன்றம் நீக்கியிருந்தது. பணமோ பால்பெட்டியோ தேவைப்படாத வேலை அது. ஒரு வரியை அடிப்பது.

நமக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 1860-இன் தண்டனைச் சட்டத்தை 2023-இல் முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். காலனியச் சுமையை இறக்கிவைக்கிறோம் என்றார்கள். 88-வது பிரிவு 26 ஆனது. 89-வது பிரிவு 27 ஆனது. எண் மாறியது, சரக்கு அதேதான். அந்தப் பிரிவின் கீழ் அன்றும் இன்றும் ஓர் உதாரணம் அச்சாகியிருக்கிறது. ஒரு தகப்பன், தன் குழந்தையின் கல்லடைப்பைக் குணமாக்க, அதன் சம்மதம் இல்லாமல் அறுவை மருத்துவரைக் கொண்டு கத்தி வைக்கிறான். குழந்தை இறக்கக்கூடும் என்று தெரிந்தும், அதன் நன்மைக்காக. அவன் மேல் குற்றமில்லை. மயக்க மருந்து இன்னும் பரவலாகாத காலத்தில், கல்லடைப்பில் துடிக்கும் பிள்ளையைக் காப்பாற்றப் போன தகப்பனுக்காக எழுதப்பட்ட பிரிவு அது. அதில் பிரம்பு எங்கும் இல்லை. பிரம்பு இதில் சேராது என்று ஒரு வரி விளக்கம் சேர்க்க 2023-இல் அந்தப் பக்கத்தில் இடம் நிறையவே இருந்தது.